ஞானஸ்நானத் திகதி

சிவமயம்

மனோர் பார்க், லண்டன்
15.9.1991

அக்கா கமலாம்பிகைக்கு,

அம்பலவாணன் எழுதுவது. நானும் கலாவதியும் மகள் ஆரபியும் சுகம். பெற்றோல் ஷெட்டில் பத்து மணித்தியாலம் நிற்பதால் எனக்கு மட்டும் முழங்கால் வலி. கொழும்பின் ஈரக்காற்று உங்கள் தொய்வு இழுப்புக்கு ஒத்துவராது. மருந்தை ஒழுங்காக எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

லண்டனுக்கு வந்த ஆறு வருடத்தில் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. உங்கள் கணவர் சூசைப்பிள்ளை மாஸ்டர் இறந்தபோதும் நான் எழுதவில்லை. காரணம் இருவருக்கும் தெரியும். இப்போது எழுதுவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது.

ஆரபி அடுத்த செப்ரெம்பரில் பெரிய பாடசாலைக்குப் போகவேண்டும். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ளது கவுன்சில் பாடசாலை. போன மாரியில் அந்த வீதியில் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் இருவருக்கு மூக்கை உடைத்தார்கள். இரண்டு பஸ் தள்ளிக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் பாடசாலை ஒன்று இருக்கிறது. நல்ல பாடசாலை. அங்கே ஆசிரியர் சம்பளம் முழுவதையும் அரசாங்கம் கொடுக்கிறது. கட்டடச் செலவில் நூற்றுக்கு எண்பத்தைந்தையும் அரசாங்கமே கொடுக்கிறது. நான் கட்டும் வரியும் அதற்குள்தான் இருக்கிறது. ஆனால் யார் உள்ளே வரலாம் என்று சொல்வது திருச்சபை. முதலில் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கப் பிள்ளைகள், பிறகு மற்றக் கிறிஸ்தவர்கள், இடம் மிஞ்சினால் எங்களைப் போன்றவர்கள். இடம் மிஞ்சுவதில்லை.

இதே சலுகையோடு சைவர்களுக்கும் ஒரு பாடசாலை தாருங்கள் என்று இங்கே ஒரு குழு வைத்திருக்கிறோம். நான்தான் செயலாளர். நான்கு மனு எழுதிவிட்டேன். நான்குக்கும் ஒரே பதில், கவனத்தில் எடுத்திருக்கிறார்களாம்.

போன கிழமை பாடசாலைத் தலைவி சிஸ்டர் பேர்னடெற்றைப் போய்ப் பார்த்தேன். எந்த ஆலயம் என்று கேட்டார். பக்கத்திலுள்ள கத்தோலிக்க ஆலயத்தின் பெயரைச் சொல்லி, ஞாயிறு தவறாமல் போகிறோம் என்றேன். ஊரில் ஆசிரியராகப் பதினைந்து வருடம் வகுப்பெடுத்த என் குரல் நடுங்கவில்லை. படிவத்தில் ஞானஸ்நானத் திகதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அத்தாட்சிப் பத்திரமும் இணைக்கவேண்டும்.

உங்களுக்குக் கத்தோலிக்கச் சுவாமிமாரைத் தெரியும். ஆரபி யாழ்ப்பாணத்தில் ஞானஸ்நானம் பெற்றவள் என்று ஒரு துண்டு எடுத்து அனுப்புங்கள். படிவம் நவம்பர் 29ஆம் திகதிக்குள் போய்ச் சேரவேண்டும்.

இப்படிக்கு,
அம்பலவாணன்


யேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை, கொழும்பு
2.10.1991

அன்புள்ள தம்பி,

உறையில் உன் கையெழுத்தைக் கண்டதும் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் உடைத்தேன். எல்லோரும் உயிரோடு இருக்கிறீர்கள். ஆண்டவருக்கு நன்றி. தொய்வு என்னோடுதான் இருக்கிறது, பழகிவிட்டது. யாழ்ப்பாணத்தை விட்டு வந்து ஒரு வருடமாகிறது. இங்கே ஓர் அறையில் இருந்துகொண்டு பங்குப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன்.

ஆரபிக்குப் பெரிய பாடசாலையா? நம்ப முடியவில்லை. இப்போதும் அடிக்கடி காய்ச்சல் வருகிறதா? சேலைன் ஏற்றிய ஊசித் தழும்பு இடது காதுக்கு மேலே இருந்தது. மயிர் வளர்ந்து மூடியிருக்கும்.

நீ கேட்ட விஷயம். பொய் எழுதித் தாருங்கள் என்று ஒரு சுவாமியிடம் போய்க் கேட்க என்னால் ஏலாது. கோபிக்காதே. உன் கடிதத்தில் கலாவதியைப் பற்றிச் சுகம் என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. இதை அவளோடு கதைத்தாயா? முதலில் அவளிடம் கேள். கேட்டுவிட்டு எனக்கு எழுது.

உன் முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசு.

அன்புடன் அக்கா,
டொலறஸ்


சிவமயம்

மனோர் பார்க்
13.10.1991

அக்காவுக்கு,

சுகம். நல்லெண்ணெய் பூசினேன், பலனில்லை.

பொய் சொல்ல ஏலாது என்று எழுத உங்களுக்குக் கூச்சமாக இல்லையா? 1962இல் நெற்றித் திருநீற்றை அழித்துவிட்டு டொலறஸ் ஆனீர்கள். கன்னியர் மடத்தில் ஓர் ஆசிரியை வேலைக்காக. எனக்கு அப்போது பதினேழு வயது. மிஷன் பாடசாலைகள் அரசாங்கப் பணத்தை வாங்கிக்கொண்டு சைவ ஆசிரியர்களை வாசலில் நிறுத்துகின்றன, அரசாங்கமே அவற்றை எடுக்கவேண்டும் என்று மேடை மேடையாகப் பேசியவர் ஐயா. அவருடைய மகளே மதம் மாறிய பிறகு அவர் ஒரு மேடையிலும் ஏறவில்லை. அவருடைய செத்தவீட்டில் உங்களைப் படலைக்கு வெளியே நிறுத்தியது நான்தான். அதற்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை.

உங்கள் தேவைக்கு அன்று ஒரு ஞானஸ்நானம் எடுக்க முடிந்தது. என் பிள்ளையின் தேவைக்கு ஒரு துண்டுக் காகிதம் எடுக்க முடியாதா?

கலாவதியிடம் கேட்கச் சொன்னீர்கள். கேட்டேன். முதலில் அந்தத் தழும்பைப் பற்றிக் கேட்டேன். பிள்ளை ஐந்து மாதக் குழந்தையாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உங்களுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. தழும்பு உங்களுக்கு எப்படித் தெரியும்? “அடுப்பில கறி கிடக்குது” என்று சொல்லி எழுந்து போனாள். அடுப்பு மூட்டியிருக்கவில்லை.

இன்னும் ஆறரைக் கிழமை இருக்கிறது.

அம்பலவாணன்


யேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை
28.10.1991

அன்புள்ள தம்பி,

இரண்டு நாள் தொய்வு கூடிப் படுத்திருந்தேன். உன் கடிதம் மேசையில் இருந்தது. எழும்பி இருக்க முடிந்ததும் பதில் எழுதுகிறேன்.

வேலைக்காக மாறினேன் என்கிறாய். ஐயா கேட்டபடியே அரசாங்கம் பாடசாலைகளை எடுத்தது. எங்கள் மடம் கொடுக்க மறுத்துத் தனியாக நின்றது. உதவிப் பணம் நின்றுபோயிற்று. பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கவும் சட்டம் விடவில்லை. நான் சேர்ந்து எட்டு மாதம் ஒரு சதம் சம்பளம் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மதர் அரிசியும் பருப்பும் அளந்து தருவார். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவேன். அந்த வேலைக்காகவா ஒருத்தி சாமியை மாற்றுவாள்? நான் ஏன் மாறினேன் என்று இருபத்தொன்பது வருடத்தில் நீங்கள் யாருமே என்னிடம் கேட்டதில்லை. காரணத்தை நீங்களே முடிவுசெய்துவிட்டீர்கள்.

தழும்பைப் பற்றிக் கேட்டாய். நான் தனியாகப் பதில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது.

உன் முதல் கடிதம் வந்த மறுநாளே யாழ்ப்பாணத்தில் ஒரு பங்குக் கோயிலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். சண்டையில் பாதை மூடிக் கிடப்பதால் கிளாலிக் கடல் தாண்டிப் போய்வரும் சுவாமி ஒருவர் கொண்டுபோனார். அவர் பத்திரமாகத் திரும்பி வந்தால் ஒரு பத்திரம் வரும். வந்தால் கலாவதியின் பெயருக்கு அனுப்புவேன்.

கோபத்தில் சாப்பிடாமல் வேலைக்குப் போகாதே. உனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம்.

அக்கா,
டொலறஸ்


சிவமயம்

மனோர் பார்க்
9.11.1991

அன்புள்ள அக்கா,

தொய்வு குறைந்ததா? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நாங்கள் சுகம்.

கடைசியில் என் பேச்சைக் கேட்டு ஏற்பாடு செய்திருக்கிறீர்கள். முதல் கடிதத்தில் ஏலாது என்று எழுதியதை மறந்துவிடுகிறேன். ஆனால் பத்திரத்தை என் பெயருக்கே அனுப்புங்கள். வீட்டு அலுவல்களைப் பார்ப்பவன் நான். கலாவதி இதற்குள் வரவேண்டியதில்லை.

சுவாமிக்கு விவரம் சரியாகப் போகவேண்டும். ஆரபி பிறந்தது 1981 ஜனவரி 18. ஞானஸ்நானத் திகதி மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறாக இருந்தால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். ஞானத்தாய் என்று உங்கள் பெயரையே போடலாம். சொந்தக்காரி என்பதால் பொருத்தமாக இருக்கும்.

நேற்று எங்கள் குழுக்கூட்டம். தலைவர் பரமேஸ்வரன் ஐந்தாவது மனுவை வாசித்தார். உறுப்பினர் எவரும் தம் குடும்பத்துப் பிள்ளைகளைத் தேவாலயப் பாடசாலைக்கு அனுப்புவதில்லை என்று அதில் ஒரு வரி சேர்த்திருந்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்து, “செக்கிரட்டரி முதல் போட்டாத்தான் அண்ணை மற்றாக்களும் போடுவினம்” என்று பேனையை நீட்டினார். போட்டேன். அரசாங்கம் சைவப் பாடசாலை தரும்வரை என் பிள்ளை எங்கே படிப்பாள் என்று அந்த வரி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இருபது நாள் இருக்கிறது. பத்திரம் கிடைத்த அன்றே தபாலில் போடுங்கள்.

தம்பி,
அம்பலவாணன்


யேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை
19.11.1991

அன்புள்ள தம்பி,

சுவாமி நேற்றுப் பின்னேரம் வந்து சேர்ந்தார். பத்திரம் இத்துடன் இருக்கிறது. நீ கேட்டபடி உன் பெயருக்கே அனுப்புகிறேன். இதில் ஒரு சொல்லையும் நான் சொல்லி எழுதுவிக்கவில்லை. திகதியைப் பார். ஒன்பது ஆறு எண்பத்தொன்று. பதிவேட்டில் இருப்பதை அப்படியே பிரதி எடுத்திருக்கிறார்கள்.

யாழ்ப்பாண நகரம் எரிந்து ஒரு கிழமை. நீ வவுனியாவில் வேலை பார்த்தாய். பஸ் ஓடவில்லை என்று பிறகு சொன்னாயாம். பிள்ளைக்கு வயிற்றோட்டம் நிற்கவில்லை, கையில் நரம்பு பிடிபடாமல் தலையில் ஊசி ஏற்றியிருந்தார்கள். கலாவதி தனியாக நின்றாள். யாரும் இல்லாமல்தான் எனக்கு ஆள் அனுப்பினாள். செவ்வாய்க்கிழமை காலை பெரிய டொக்டர் வந்து பார்த்துவிட்டு, தகப்பனுக்கு அறிவித்தீர்களா என்று கேட்டார். அந்தக் கேள்வி எங்கள் இருவருக்கும் விளங்கியது. அவர் போனபின் கலாவதி என் கையைப் பிடித்து, “மச்சாள், எங்கட சாமியைக் கேட்டுப் பாத்திட்டன். உங்கட சாமியையும் ஒருக்காக் கேளுங்கோ” என்றாள்.

சாகக்கிடக்கும் பிள்ளைக்கு எங்களில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், சுவாமி வரத் தேவையில்லை. போத்தல் மூடியில் தண்ணீர் எடுத்து ஊற்றினேன். கிறேஸ் என்று பெயர் சொன்னேன். அடுத்த ஞாயிறு பங்கில் பதிந்தேன். அதுதான் ஒழுங்கு.

உனக்குச் சொல்லவேண்டாம் என்று அவள் கேட்டாள். பத்து வருடம் சொல்லவில்லை. கோபிப்பதென்றால் என்னைக் கோபி.

அக்கா


மனோர் பார்க்
1.12.1991

திருமதி டொலறஸ் சூசைப்பிள்ளைக்கு,

வியாழக்கிழமை கடிதம் கிடைத்தது. படிவம் போகவேண்டிய நாள் வெள்ளிக்கிழமை. நான் அனுப்பவில்லை.

நான் உங்களிடம் ஒரு பொய்யைக் கேட்டேன். அது என் பொய்யாக இருந்திருக்கும். ஆரபி உள்ளே போனதும் கிழித்துப் போட்டிருப்பேன். நீங்கள் அனுப்பியிருப்பதைக் கிழித்தாலும் அது பதிவேட்டில் இருக்கும். என் பிள்ளைக்கு நான் அறியாத ஒரு பெயர், என் மனைவி பத்து வருடம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு மறைத்த ஒரு பெயர். இருவரும் சேர்ந்து என்னை என் வீட்டிலேயே வெளியாளாக்கிவிட்டீர்கள். பத்திரத்தை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

கலாவதியிடம் ஒரு கேள்விதான் கேட்டேன், யாரைக் கேட்டுச் செய்தாய் என்று. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை. “கேக்கிறதுக்கு நீங்கள் அங்க நிக்கேல்லை. பிள்ளை செத்திருந்தா வந்து சைவமா அடக்கியிருப்பியள்” என்றாள்.

எனக்கு இனி எழுதவேண்டாம்.

அ. அம்பலவாணன்


உ

மனோர் பார்க்
9.12.1991

அன்புள்ள மச்சாளுக்கு,

கலாவதி எழுதுகிறேன். ஆரபி சுகம், நான் சுகம். உங்கள் தம்பி வேலைக்குப் போகிறார், வந்து சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார். பதினொரு நாளாக என்னோடு கதைக்கவில்லை. ஆரபியிடம் சொல்லி எனக்குச் சொல்கிறார். “அம்மாட்டை உப்புக் காணாதெண்டு சொல்லு” என்கிறார், நான் எதிரில் நிற்கும்போதே.

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். படிவத்துக்குக் கடைசி நாளான அந்த வெள்ளிக்கிழமையே, அவர் ஷிப்டுக்குப் போனபின் லாச்சியைத் திறந்தேன். பூட்டின் திறப்பை எங்கே ஒளிக்கிறார் என்று எனக்குத் தெரியாது என்பது அவருடைய எண்ணம். படிவத்தை நானே நிரப்பி, இரண்டு பஸ் ஏறிப்போய் அந்த சிஸ்டரின் கையில் கொடுத்தேன். வாசித்துவிட்டு, கோயிலுக்குப் போகிறீர்களா என்று கேட்டா. ஓம், முருகன் கோயிலுக்கு என்றேன். என் இங்கிலீசு உங்களுக்குத் தெரியும்தானே. பிள்ளை சாகக்கிடந்தது, இவரின் அக்கா தண்ணீர் ஊற்றினா, பிறகு ஒருநாளும் சேர்ச்சுக்குப் போகவில்லை, இவ்வளவும்தான் நடந்தது என்று சொன்னேன். சொல்லும்போது அழுதும்போட்டேன். அவ பத்திரத்தைப் பிரதி எடுத்துவிட்டுத் திருப்பித் தந்தா. மார்ச்சில் பதில் வருமாம்.

அவருக்கு இது தெரியாது. நீங்களும் சொல்லவேண்டாம்.

தொய்வுக்கு இங்கே வாயில் அடிக்கிற நல்ல பம்ப் இருக்கிறது. யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் மச்சாள்,
கலாவதி


யேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை
20.12.1991

அன்புள்ள கலாவதி,

உன் கடிதத்தை வாசித்து அழுதேன், உன் இங்கிலீசை நினைத்துச் சிரிக்கவும் செய்தேன்.

ஆனால் பிள்ளை, இந்த முறை நான் மறைக்கமாட்டேன். ஒன்றைப் பத்து வருடம் மறைத்தோம். அது தபாலில் வந்துதான் அவனுக்குத் தெரிந்தது. அவன் பிடிவாதக்காரன், நன்றி தெரியாதவன், ஆனால் தகப்பன். பாடசாலைக் கடிதம் வந்து அறியுமுன் நீயே சொல்லிவிடு. அவன் கத்தினால் கத்தட்டும். சொல்லிவிட்டு எனக்கு எழுது.

யேசு பிறந்த நத்தார் நாளின் ஆசீர்வாதங்கள். ஆரபிக்கு ஒரு முத்தம்.

மச்சாள்,
டொலறஸ்


சிவமயம்

மனோர் பார்க்
15.3.1992

அக்காவுக்கு,

எழுதவேண்டாம் என்று சொன்னவன் நான். எனவே நானே எழுதவேண்டியிருக்கிறது. ஆரபி சுகம். கலாவதிக்குத் தடிமனும் இருமலும். உங்களுக்கு ஒரு பம்ப் வாங்கி வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் கொழும்புக்கு வருகிற கணேசலிங்கத்திடம் கொடுத்துவிடுவோம்.

நத்தாருக்கு மறுநாள் கலாவதி எனக்குச் சொன்னாள். நான் கத்துவேன் என்று பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சொன்னாள். நான் கத்தவில்லை. பாடசாலை எப்படியும் மறுத்துவிடும், எனக்கு ஒரு வேலையும் இல்லை என்று இருந்துவிட்டேன். இந்தத் திங்கட்கிழமை பதில் வந்தது. இடம் கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் லீவு எடுத்துக்கொண்டு, இடம் வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். பஸ்ஸில் இங்கிலீசில் வசனம் வசனமாக அடுக்கி வைத்திருந்தேன். அரசாங்கப் பணம், திருச்சபையின் வாசல், எல்லாம். சிஸ்டர் பேர்னடெற் என்னைப் பேச விடவில்லை. நான் செப்ரெம்பரில் சொன்ன ஆலயத்தில் அந்தக் கிழமையே விசாரித்தாராம். அங்கே எங்களை யாருக்கும் தெரியாது. அன்றே எங்கள் பெயரைத் தள்ளி வைத்துவிட்டாராம். “பிறகு உங்கள் மனைவி வந்து உண்மையைச் சொன்னார். எங்களுக்கு ஒரு பெற்றோரின் கையெழுத்துப் போதும், அது இருக்கிறது. நீங்கள் பிள்ளையை எடுத்துக்கொண்டு போகப்போகிறீர்களா என்பதை மட்டும் சொல்லுங்கள்” என்றார்.

இல்லை என்றேன். அவர் படிவத்தை என் பக்கம் திருப்பிவைத்தார். கலாவதியின் கையெழுத்துக்குக் கீழே நானும் போட்டேன்.

குழுவுக்கு விலகல் கடிதம் அனுப்பினேன். பரமேஸ்வரன் பெற்றோல் அடிக்க வந்து, “இதுக்கு ஏன் அண்ணை விலகிறியள்? என்ர தங்கச்சியின்ர பிள்ளை மூண்டு வருசமா அங்கதான் படிக்குது. நீங்கள் அந்த வரியை உண்மையெண்டு நினைச்சோ கையெழுத்துப் போட்டனியள்?” என்று கேட்டார். மீதிக் காசை எண்ணிக் கொடுத்தேன். அவரை நான் மன்னிக்கப்போவதில்லை.

உங்களையும் மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. அப்படி எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். எண்பத்தொன்றில், பஸ் ஓடவில்லை என்று கலாவதிக்குச் சொன்னேன். இவ்வளவு காலமும் அப்படியே சொல்லி வந்தேன். பஸ் திங்கட்கிழமையே ஓடத் தொடங்கியது. பிள்ளை கடுமை என்ற கலாவதியின் தந்தியும் அன்று காலையே கிடைத்தது. வவுனியா பஸ் நிலையத்துக்குப் போனேன். யாழ்ப்பாண பஸ் வந்து நின்றது, நான் ஏறவில்லை. செவ்வாயும் போய் நின்றேன், ஏறவில்லை. போய் இறங்கும்போது பிள்ளை இருக்காது என்று நினைத்தேன். ஏறாமல் நின்றால் அது நடக்காது என்பதுபோல இருந்தது. வியாழக்கிழமை வந்தபோது பிள்ளை கலாவதியின் மடியில் இருந்து பால் குடித்தாள். நீங்கள் அதற்கு முன்பே போய்விட்டீர்கள்.

அந்த நாட்களில் நடந்ததைக் கலாவதியிடம் கேட்க எனக்கு முகமில்லை. நீங்கள் எழுதுங்கள். பிள்ளையை யார் வைத்திருந்தது, எப்போது கண் திறந்தாள், முதலில் எப்போது அழுதாள், கலாவதி என்ன சாப்பிட்டாள், என்னைப் பற்றி என்ன சொன்னாள். ஒன்றையும் விடாமல் எழுதுங்கள்.

தம்பி,
அம்பலவாணன்